பெருந்தோல்விக்குப் பிறகு ஸ்டாட்ஸ்குரு: ஒரு மதிப்புரை

2025 ஜனவரி 5 அன்று சிட்னியில் ஆஸ்திரேலியா இந்தியாவை ஆறு விக்கெட் வித்தியாசத்தில் வென்று, பார்டர்-கவாஸ்கர் கோப்பையை 3-1 என்ற கணக்கில் கைப்பற்றியது. பெர்த்தில் 295 ரன் வித்தியாசத்தில் வென்று தொடரைத் தொடங்கிய இந்திய அணி, அடிலெய்டிலும் மெல்போர்னிலும் சிட்னியிலும் தோற்று, 2017 முதல் தன்னிடம் இருந்த கோப்பையையும் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டிக்கான வாய்ப்பையும் சேர்த்தே இழந்தது. ரசிகர்களின் கோபம் பல திசைகளில் பாய்ந்தது. ரோகித் சர்மா அணியில் இருந்ததே தவறு என்றார்கள் சிலர். ஆப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொடாமல் இருக்க விராட் கோலி இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்றார்கள் வேறு சிலர். பும்ராவைத் தவிர மற்றவர்கள் பந்து வீசவே இல்லை என்றும், இந்திய கிரிக்கெட் வரலாற்றிலேயே இப்படி ஓர் அவமானம் நேர்ந்ததில்லை என்றும் அடித்துச் சொன்னவர்களும் உண்டு. இவற்றுள் எது நிற்கும், எது நிற்காது என்று சோதித்துப் பார்க்க ஒரு ரசிகருக்கு இலவசமாகக் கிடைக்கும் கருவி, ஈஎஸ்பிஎன் கிரிக்இன்ஃபோ தளத்தில் உள்ள ஸ்டாட்ஸ்குரு. அந்தத் தொடரையே உரைகல்லாக வைத்து இந்தக் கருவியை இங்கே மதிப்பிடுகிறேன்.

கிரிக்இன்ஃபோ 1993-இல் கிரிக்கெட் ஆர்வலர்களின் தன்னார்வ முயற்சியாகத் தொடங்கியது. அதன் புள்ளிவிவரத் தேடல் பகுதியான ஸ்டாட்ஸ்குருவை உருவாக்கியவர், மறைந்த டிராவிஸ் பசேவி. 1877-இல் மெல்போர்னில் நடந்த முதல் டெஸ்ட் தொடங்கி இன்றுவரையிலான ஸ்கோர் அட்டைகள் அனைத்தும் இதற்குள் இருக்கின்றன. டெஸ்ட், ஒருநாள், இருபது ஓவர் என்று ஆட்ட வகையையும், பேட்டிங், பந்துவீச்சு, பீல்டிங், கூட்டணி, அணி என்று பார்வையையும் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பிறகு எதிரணி, போட்டி நடந்த நாடு, சொந்த மண்ணா வெளிநாடா, வெற்றியா தோல்வியா, எந்த இன்னிங்ஸ், எந்த வரிசையில் இறங்கியது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். விடையை மொத்தமாகவும் பார்க்கலாம். இன்னிங்ஸ் வாரியாகவோ தொடர் வாரியாகவோ மைதான வாரியாகவோ ஆண்டு வாரியாகவோ பிரித்தும் பார்க்கலாம். தோல்விக்குப் பிறகு நடக்கும் வாக்குவாதங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த நிபந்தனைகளுக்குள் அடங்கிவிடுபவை என்பதால், ஒரு ரசிகருக்கு இதைவிடப் பயனுள்ள சேவை வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் ரோகித் சர்மாவைப் பற்றிய குற்றச்சாட்டை எடுத்துக்கொள்ளலாம். தொடரையும் இன்னிங்ஸ் வாரியான பட்டியலையும் தேர்ந்தெடுத்தால் 3, 6, 10, 3, 9 என்ற ஐந்து எண்கள் வருகின்றன. மொத்தம் 31 ரன், சராசரி 6.20. அவருக்காக அப்போது வாதாடியவர்கள் வலுவாகச் சொன்ன காரணம் ஒன்று இருந்தது: தொடக்க ஆட்டக்காரரான அவர், கே.எல். ராகுலுக்கு இடம்விட்டு ஆறாவது வரிசையில் இறங்கியதால் தடுமாறினார் என்பதே அது. அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்க, பேட்டிங் வரிசை என்ற நிபந்தனையைச் சேர்த்தால் போதும். அடிலெய்டிலும் பிரிஸ்பேனிலும் ஆறாவதாக இறங்கி எடுத்தவை 3, 6, 10. மெல்போர்னில் தன் பழைய இடத்திற்கே திரும்பித் தொடக்க ஆட்டக்காரராக எடுத்தவை 3, 9. வரிசை மாறியும் விளைவு மாறவில்லை. தேதியைச் சற்றுப் பின்னால் தள்ளி, அதற்கு முன் சொந்த மண்ணில் நியூசிலாந்திடம் 0-3 என்று தோற்ற தொடரையும் சேர்த்தால், ஆறு இன்னிங்ஸில் 91 ரன் என்ற கணக்கும் வந்து நிற்கிறது. சிட்னி டெஸ்டில் அவர் தாமாகவே ஒதுங்கிக்கொண்ட முடிவு சரியானது என்று இந்த எண்களைப் பார்த்த எவரும் ஒப்புக்கொள்வார். அந்த முடிவை எடுக்கத் தேவைப்பட்ட மனத்துணிவை எந்த அட்டவணையும் காட்டாது என்பதையும் அவருடைய ரசிகர்கள் சார்பில் சொல்லியாக வேண்டும்.

கோலியின் கணக்கு இதைவிடச் சிக்கலானது. கருவியின் வலிமையும் எல்லையும் ஒருசேரத் தெரியும் இடம் இதுதான். ஒன்பது இன்னிங்ஸில் 190 ரன், சராசரி 23.75 என்று மொத்தக் கணக்கு சொல்கிறது. பெர்த் இரண்டாம் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் எடுத்த 100-ஐ ஒதுக்கிவிட்டால், மீதமுள்ள எட்டு இன்னிங்ஸில் கிடைத்தவை 90 ரன்களே. எட்டு முறை ஆட்டமிழந்ததும் கேட்ச் முறையில்தான். பிடித்தவர்களின் பெயர்களைப் பார்த்தால் அலெக்ஸ் கேரி மூன்று முறை, கவாஜாவும் ஸ்மித்தும் இரண்டிரண்டு முறை, வெப்ஸ்டர் ஒரு முறை. வீசியவர்களில் ஸ்காட் போலண்ட் மட்டும் நான்கு முறை அவரை வீழ்த்தியிருக்கிறார். கேரி விக்கெட் கீப்பர் என்பதையும், மற்றவர்கள் ஸ்லிப் பகுதியில் நின்றவர்கள் என்பதையும் அறிந்த ரசிகருக்கு, தன் குற்றச்சாட்டு உண்மை என்பதற்கு இந்தப் பெயர்களே சான்று. ஆனால், பந்து ஆப் ஸ்டம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் போனது, எந்த நீளத்தில் விழுந்தது, விட்டிருக்கக்கூடிய பந்தா, ஆடியே தீர வேண்டிய பந்தா என்பவை ஸ்கோர் அட்டையில் இல்லாதவை. ஆகவே ஸ்டாட்ஸ்குருவிலும் இல்லை. அதற்கு அதே தளத்தின் பந்துக்குப் பந்து எழுத்து வர்ணனையைத்தான் நாட வேண்டும். இரண்டையும் அருகருகே திறந்துவைத்துப் படிப்பதே இந்தத் தளத்தைப் பயன்படுத்தும் சிறந்த முறை.

கோலி மீண்டு வருவார் என்று நம்பியவர்கள் 2014-ஐயும் 2018-ஐயும் எடுத்துக்காட்டினார்கள். 2014-இல் இங்கிலாந்தில் பத்து இன்னிங்ஸில் 134 ரன் எடுத்து, வேகப்பந்து வீச்சாளர் ஆண்டர்சனிடம் திணறியவர், 2018-இல் அதே மண்ணில் 593 ரன் குவித்தார். தொடர் வாரியான பட்டியல் இந்த நம்பிக்கைக்கு இடம் தருகிறது. ஆனால் அதையே ஆண்டு வாரியாக மாற்றிப் பார்த்தால் வேறொரு கதை விரிகிறது: 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் டெஸ்ட் சதமே இல்லை, 2023-இல் இரண்டு, 2024-இல் பெர்த்தில் எடுத்த அந்த ஒன்று. 2014-இல் சரிந்தவர் இருபத்தைந்து வயது இளைஞர். 2024-இல் சரிந்தவருக்கு அதற்கு முன்பே ஐந்து ஆண்டுகளாக ஆட்டம் மங்கியிருந்தது. ஒரே மனிதரைப் பற்றிய இந்த இரண்டு கணக்குகளும் உண்மையே. எதைக் கேட்கிறோமோ அதற்கு மட்டுமே இந்தக் கருவி விடை தரும். தன் கட்சிக்குச் சாதகமான கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளும் ரசிகர் அதனிடமிருந்து பாதி உண்மையைத்தான் பெறுவார். 2025 மே மாதத்தில் ரோகித்தும் கோலியும் சில நாள் இடைவெளியில் டெஸ்டிலிருந்து ஓய்வை அறிவித்தபோது, ஆண்டு வாரியான பட்டியலைப் பார்த்து வைத்திருந்தவர்களுக்கு வருத்தம் இருந்திருக்கும்; வியப்பு இருந்திருக்காது.

பந்துவீச்சைப் பற்றிய குற்றச்சாட்டைச் சோதித்தபோதுதான் இந்தக் கருவியின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு ஏற்பட்டது. ஜஸ்பிரித் பும்ரா, ஒரு விக்கெட்டுக்கு 13.06 ரன் என்ற சராசரியில் 32 விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலிய மண்ணில் ஒரு தொடரில் இந்தியர் ஒருவர் எடுத்த மிக அதிக விக்கெட் இதுவே. 1977-78-இல் பிஷன் சிங் பேடி எடுத்த 31 அதற்கு முந்தைய சாதனை. இந்திய வீச்சாளர்களின் கணக்கில் சேர்ந்த விக்கெட்டுகளைக் கூட்டினால் 80 வருகிறது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு அவர் ஒருவருடையது. மற்றவர்கள் துணை நிற்கவில்லை என்ற ஆதங்கத்திற்கு இது ஆதாரம் போலத் தோன்றும். ஆனால் அடுத்த வரியிலேயே முகமது சிராஜ் 20 விக்கெட்டுகளுடன் இருக்கிறார். சராசரி 31-ஐத் தாண்டினாலும், ஐந்து டெஸ்டிலும் ஓயாமல் ஓடி வந்து வீசிய ஒருவரை ‘வீசவே இல்லை’ என்று சொல்வது அநியாயம். அணிப் பார்வைக்கு மாறி இந்தியாவின் இன்னிங்ஸ் எண்ணிக்கைகளைப் பார்த்தால் குற்றம் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகிவிடுகிறது: 150, 180, 175, 155, 185, 157. பிரிஸ்பேனில் மழையோடு முடிந்த சிறு இன்னிங்ஸை விட்டுவிட்டால் ஆடிய ஒன்பதில் ஆறு முறை 200-ஐத் தொடவில்லை. பெர்த்தில் 150 ரன்னுக்குச் சுருண்ட பிறகும் ஆஸ்திரேலியாவை 104-க்குள் மடக்கியவர்கள் வீச்சாளர்கள். சிட்னியில் 185-ஐ வைத்துக்கொண்டு எதிரணியை 181-க்கு நிறுத்தியவர்களும் அவர்களே. இந்தத் தொடரில் ரசிகர்கள் யார்மீது கோபப்பட வேண்டும் என்று கேட்டால் பேட்டர்கள்மீது என்பதே என் முடிவு. அந்தப் பேட்டர்களிலும், 391 ரன் எடுத்த யஷஸ்வி ஜெய்ஸ்வாலையும், தன் முதல் டெஸ்ட் தொடரிலேயே மெல்போர்னில் 114 அடித்த நிதிஷ் குமார் ரெட்டியையும் விலக்கி நிறுத்தத்தான் வேண்டும்.

இந்தப் பட்டியல்களைப் பார்த்துக்கொண்டே போகும்போது ஓர் ஒழுங்கு கண்ணில் படுகிறது. வெளிநாட்டில் இந்தியா பெரிதாகத் தோற்ற தொடர்கள் பலவற்றில் ஒருவர் மட்டும் தனியாக நின்றிருக்கிறார். 2011-இல் இங்கிலாந்தில் 0-4 என்று தோற்றபோது ராகுல் டிராவிட் மூன்று சதங்களுடன் 461 ரன் எடுத்தார்; அடுத்த இடத்தில் இருந்த சச்சின் டெண்டுல்கர் எடுத்தது 273. ஓவல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, கடைசிவரை ஆட்டமிழக்காமல் 146 ரன்னுடன் நின்று, அணி பாலோ ஆன் ஆனதும் அவர் உடனே மறுபடியும் களமிறங்கினார். 2018-இல் 1-4 என்று தோற்ற தொடரில் கோலியின் 593-க்கு அடுத்து கே.எல். ராகுலின் 299. 2024-25-இல் பும்ரா. தோற்ற அணியின் மீதான கோபத்தில் இந்தத் தனிமனிதர்களின் உழைப்பு காணாமல் போய்விடுகிறது. ஆத்திரத்தோடு கருவியைத் திறக்கும் ரசிகர் ஒருவர், தான் தேடாத இந்த உழைப்பையும் அங்கே கண்டுகொள்வார் என்பதே இதன் மிகப் பெரிய நன்மை என்று கருதுகிறேன்.

வரலாற்றிலேயே இதுதான் பெரிய அவமானம் என்ற பேச்சு மிக எளிதாக உடைகிறது. தொடர் வாரியாக, வெளிநாடு என்ற நிபந்தனையுடன் பார்த்தால் 1959-இல் இங்கிலாந்தில் 0-5, 1962-இல் மேற்கிந்தியத் தீவுகளில் 0-5, 1967-68-இல் ஆஸ்திரேலியாவில் 0-4, பிறகு 2011-இல் இங்கிலாந்திலும் 2011-12-இல் ஆஸ்திரேலியாவிலும் அடுத்தடுத்து 0-4 என்று வரிசையாக நிற்கின்றன. 1974-இல் லார்ட்ஸில் 42 ரன்னுக்கு ஆட்டமிழந்து, தொடரை 0-3 என்று இழந்த கோடையில், 1971-இல் மேற்கிந்தியத் தீவுகளிலும் இங்கிலாந்திலும் பெற்ற டெஸ்ட் தொடர் வெற்றிகளைப் போற்றி இந்தூரில் நிறுவப்பட்டிருந்த பெரிய கான்கிரீட் மட்டையையே ஆத்திரக்காரர்கள் பாழ்படுத்தினார்கள். 2007 உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் தோற்றதும் ராஞ்சியில் கட்டிக்கொண்டிருந்த தோனியின் வீடு தாக்கப்பட்டது. அந்த நாள்களில் பழைய தொடர்களின் கணக்கைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு ஒரு சாதாரண ரசிகரிடம் இப்படிக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததில்லை. கணக்கு தெரிந்தால் கோபம் வராது என்று சொல்ல மாட்டேன். அது போகவேண்டிய இடத்திற்கு, போகவேண்டிய அளவில் போகும் என்று மட்டும் நம்புகிறேன்.

குறைகளில் முதன்மையானது, கைநழுவிய வாய்ப்புகளுக்கு இதில் இடமில்லாதது. மெல்போர்ன் டெஸ்டின் நான்காம் நாளில் ஜெய்ஸ்வால் மூன்று கேட்சுகளைத் தவறவிட்டார். அவற்றில் ஒன்றால் 46 ரன்னில் தப்பிய மார்னஸ் லபுஷேன் 70 எடுத்தார். 173 ரன்னுக்கு ஒன்பது விக்கெட் இழந்திருந்த ஆஸ்திரேலியா, நேதன் லயனும் போலண்டும் சேர்த்த 61 ரன்களால் 234-ஐ எட்டியது. கூட்டணிப் பார்வையில் அந்த 61 தெரியும். தவறிய கேட்சுகள் எங்குமே தெரியாது. பீல்டிங் பார்வையிலும் பிடித்தவை மட்டுமே எண்ணப்படுகின்றன. 340 ரன் இலக்கைத் துரத்தி 121-க்கு மூன்று விக்கெட் என்ற நிலையிலிருந்து 155-க்குச் சரிந்த அந்தக் கடைசி நாளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கணக்குக் கிடைக்கும். அந்த இலக்கு இன்னும் சிறியதாக இருந்திருக்கக்கூடும் என்பதற்குக் கிடைக்காது.

அந்தக் கடைசி நாளில் ஜெய்ஸ்வால் ஆட்டமிழந்த விதம் ரசிகர்களிடையே பெரும் கொந்தளிப்பை ஏற்படுத்தியது. களநடுவர் அவுட் இல்லை என்று சொன்ன பிறகு, பந்து மட்டையில் உரசும் ஒலியைக் காட்டும் ஸ்னிக்கோ கருவியில் அதிர்வு எதுவும் பதிவாகாத நிலையிலும், பந்தின் திசை மாறியது கண்ணுக்குத் தெரிகிறது என்று மூன்றாம் நடுவர் அவுட் கொடுத்தார். பந்து மட்டையிலோ கையுறையிலோ உரசியது படத்தில் தெரிந்தது என்பதால் அந்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன். ஆயினும் தொழில்நுட்பம் ஒன்றைச் சொல்ல, நடுவர் வேறொன்றைச் சொன்னதால் எழுந்த ஐயம் இயல்பானதுதான். ஸ்டாட்ஸ்குருவில் அது கேரி பிடித்து கம்மின்ஸ் வீழ்த்திய 84 ரன் இன்னிங்ஸ், அவ்வளவே. சிட்னியில் முதல் இன்னிங்ஸில் 10 ஓவர் வீசிய பிறகு முதுகு வலியால் வெளியேறிய பும்ரா, 162 ரன் இலக்கைக் காக்க வேண்டிய இரண்டாம் இன்னிங்ஸில் ஒரு பந்தும் வீச முடியவில்லை. அங்கேயும் அட்டவணை அவர் வீசவில்லை என்று மட்டும் குறிக்கிறது. அதற்கு முன் தொடர் முழுவதும் அவர் வீசியது 150 ஓவர்களுக்கு மேல் என்பதை வேறொரு பக்கத்தில் தேடி எடுத்து, நாமே இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வெறுமையின் பொருள் விளங்கும்.

பயன்பாட்டு எளிமையில் இது பின்தங்கியே இருக்கிறது. நிபந்தனைப் பக்கம் பெட்டிகளும் கீழிறங்கு பட்டியல்களும் நிறைந்து பழைய பாணியில் இருப்பதால், புதியவர் முதலில் மிரண்டுபோவார். அட்டவணைகள் அகலமானவை, கைபேசியில் பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்தித்தான் படிக்க முடியும். எல்லாம் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. தமிழில் கிரிக்கெட் வர்ணனையைத் தொலைக்காட்சியில் கேட்டு, தமிழிலேயே வாதிட்டு, தமிழிலேயே கோபப்படும் இத்தனை இலட்சம் ரசிகர்கள் இருக்கும்போது, குறைந்தபட்சம் நிபந்தனைகளின் பெயர்களையாவது தமிழில் தருவதற்கு அந்த நிறுவனம் முயல வேண்டும். தட்டச்சுப் பிழை ஒன்றால் வீரரின் பெயர் கிடைக்காமல் போவதும் உண்டு. வீரரின் தனிப்பக்கத்திற்குச் சென்று அங்கிருந்து புள்ளிவிவரப் பகுதிக்குள் நுழைவது இதைவிடச் சுலபமான வழி.

புதிதாகப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. வெளிநாடு என்ற நிபந்தனை, எதிரணியின் சொந்த மண்ணில் ஆடியவற்றை மட்டுமே எடுத்துக்கொள்ளும். பொதுவான இடத்தில் நடந்தவை தனி வகை. இங்கிலாந்தில் நியூசிலாந்துடனும் ஆஸ்திரேலியாவுடனும் ஆடிய உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டிகள் அதனால் விடுபட்டுப்போகும். அவையும் வேண்டுமென்றால் போட்டி நடந்த நாட்டை நிபந்தனையாகக் கொடுக்க வேண்டும். அடுத்தது, ஒரே தொடரின் சராசரியை வைத்து ஒருவரின் வாழ்வையே எடைபோடும் ஆபத்து. அந்தத் தொடரில் ஒரே டெஸ்டில் ஆடி ஒரு விக்கெட் மட்டும் எடுத்த அஸ்வின், பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்ததும் ஓய்வு பெற்றபோது அவர் பெயரில் 106 டெஸ்டில் 537 விக்கெட் இருந்தன. அந்த ஒற்றை விக்கெட்டைக் காட்டி அவரைக் குறைத்துப் பேசியவர்கள் தேதி நிபந்தனையை நீக்கிவிட்டு மறுபடி ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒரு வசதியும் இதில் உண்டு. நாம் கொடுத்த நிபந்தனைகள் அனைத்தும் பக்கத்தின் இணைய முகவரியிலேயே பதிவாகிவிடுகின்றன. அந்த முகவரியை நகலெடுத்து அனுப்பினால், பெறுபவர் நாம் பார்த்த அதே அட்டவணையைப் பார்ப்பார்; எந்தத் தேதியை விட்டோம், எந்த நாட்டைச் சேர்த்தோம் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். வெட்டி ஒட்டிய படங்களை வைத்து ஒருவரையொருவர் வசைபாடுவதைவிட, தோல்வியைப் பற்றி விவாதிக்கும் ஒவ்வொருவரும் தங்கள் எண்களோடு இந்த முகவரியையும் சேர்த்துத் தர வேண்டும் என்பது என் வேண்டுகோள். எதிர்வாதம் செய்பவர் அதே பக்கத்தில் ஒரு நிபந்தனையை மாற்றி, தன் விடையைத் திருப்பி அனுப்பலாம்.